டைகர் 131: பட்டி போட்டு மூடாத மூணு தழும்பு

ஒரு சின்னக் கேள்வியோட இன்னைக்கு ஆரம்பிக்கலாம். உங்க வண்டி எங்கேயோ இடிச்சு ஒரு பள்ளம் விழுந்துடுச்சு. என்ன பண்ணுவீங்க? நேரா டிங்கரிங் கடைக்குப் போவீங்க. அவர் தட்டி நிமிர்த்துவார், பட்டி போடுவார், தேய்ப்பார், பெயின்ட் அடிப்பார். ரெண்டு நாள்ல அந்த இடி நடக்கவே இல்லைங்கற மாதிரி வண்டி திரும்பி வரும். நல்ல கடைன்னா நாம அதைத்தான் எதிர்பார்ப்போம்.

இங்கிலாந்துல டார்செட் பகுதியில போவிங்டன்னு ஒரு ஊர் இருக்கு. அங்கே இருக்கிற டேங்க் மியூசியத்துல ஒரு வண்டிக்குப் பத்து வருஷத்துக்கு மேல வேலை பார்த்தாங்க. எஞ்சின், கியர், வயரிங், ரப்பர், பெயின்ட் எல்லாத்தையும் தொட்டாங்க. ஆனா அந்த வண்டியில விழுந்திருந்த மூணு அடியை மட்டும் நிமிர்த்தல, பட்டி போடல. இன்னைக்குப் போனாலும் பார்க்கலாம். அந்த முடிவு எவ்வளவு சரின்னு பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. இந்த எபிசோட் அதைப் பத்திதான்.

அதுக்கு முன்னாடி பேர் விஷயம். சென்னையில 'டேங்க்'னு சொன்னா மொட்டை மாடி தண்ணி டேங்க்தான் ஞாபகம் வரும். அதுல தப்பே இல்லை. இந்தப் போர் வண்டிக்கு அந்தப் பேர் வந்ததே தண்ணியாலதான். முதல் உலகப் போர் சமயத்துல பிரிட்டன் இந்த வண்டியை ரகசியமா கட்டிக்கிட்டு இருந்தாங்க. ரகசியம் வெளியே போயிடக் கூடாதுன்னு, இது ஏதோ தண்ணி கொண்டு போற தொட்டிங்கற மாதிரி பேர் வச்சாங்க. அந்தப் பொய்யே நிரந்தரப் பேராயிடுச்சு.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம். இது இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி பயன்படுத்தின டைகர் 1 ரகம். டரட்ல, அதாவது பீரங்கியோட சேர்ந்து மேல சுத்துற தலைப் பகுதியில, 131னு எழுதியிருக்கும். அதனால டைகர் 131. எடை சுமார் 57 டன். ஆள் ஏத்தாத டவுன் பஸ் அஞ்சு சேர்த்தா கிட்டத்தட்ட அந்த எடை வரும். முன்பக்கக் கவசத் தகடு 100 மில்லிமீட்டர் தடிமன். பீரங்கியோட வாய் 88 மில்லிமீட்டர். உள்ளே அஞ்சு பேர். இந்த ரகத்துல மொத்தம் கட்டப்பட்டது 1,300 சொச்சம். இன்னைக்கு மிஞ்சி இருக்கறதை விரல் விட்டு எண்ணிடலாம்.

2014ல வந்த 'ப்யூரி' படம் பார்த்திருப்பீங்க, பிராட் பிட் நடிச்சது. அதுல ஒரு வயல்வெளியில டைகர் டேங்க் வரும் பாருங்க, அது கிராபிக்ஸும் இல்லை, அட்டையில செஞ்சதும் இல்லை. இந்த 131தான். நானும் முதல் தடவை இதைப் பார்த்தது அந்தப் படத்துலதான். 'யப்பா, என்னா மாஸ்'னுதான் எனக்கும் தோணுச்சு. அந்த 'மாஸ்' விஷயத்துக்குக் கடைசியில வர்றேன்.

1943 ஏப்ரல், துனிசியா, வட ஆப்பிரிக்கா. ஜெர்மன் படையும் இத்தாலியப் படையும் கடலோரமா ஒதுக்கப்பட்டுக்கிட்டு இருந்த நேரம். ஒரு குன்றுச் சண்டையில டைகர் 131 மேல பிரிட்டிஷ் குண்டுகள் பட்டுச்சு. அதுல மூணு அடி முக்கியமானது. ஒண்ணு பீரங்கிக் குழாயோட அடியில பட்டுத் தெறிச்சு, டரட் உடம்போட சேர்ற இடுக்குல போய்ச் செருகிக்கிச்சு. டரட் ஜாம், சுத்த முடியலை. இன்னொண்ணு டரட்டைத் தூக்குறதுக்கான கொக்கியில பட்டுச்சு. மூணாவது, குண்டு நிரப்புறவரோட மூடிப் பக்கம். எதுவுமே கவசத்தைத் துளைச்சுக்கிட்டு உள்ளே போகலை. ஆனா பீரங்கியைத் திருப்ப முடியாத டேங்க்ல உட்கார்ந்திருந்து என்ன பண்றது? உள்ளே இருந்தவங்க வண்டியை அப்படியே விட்டுட்டு இறங்கி ஓடிட்டாங்க. போகும்போது அதை வெடிச்சு அழிக்கவும் இல்லை.

பிரிட்டிஷ்காரங்களுக்கு இது லாட்டரி. அந்த டைகரைப் பத்திப் பயமும் வதந்தியும்தான் அவங்ககிட்ட அதிகமா இருந்தது. இப்போ முழுசா ஒரு வண்டி கைக்கு வந்துடுச்சு. பக்கத்துல அழிஞ்சு கிடந்த மற்ற டைகர்கள்ல இருந்து பாகங்களைக் கழட்டி இதுல மாட்டி ஓட வச்சாங்க. மேல தங்களோட படைச் சின்னத்தை வரைஞ்சாங்க. டூனிஸ் நகரத்துல ஆறாம் ஜார்ஜ் மன்னரும் சர்ச்சிலும் வந்து பார்த்தாங்க. அந்த வருஷமே கப்பல்ல இங்கிலாந்து போச்சு. லண்டன்ல பொதுமக்கள் பார்வைக்கு வச்சாங்க. அப்புறம் பொறியாளர்கள் அக்கக்கா பிரிச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. எங்கே அடிச்சா இது நிக்கும்ங்கறது அவங்களுக்கு உயிர் பிரச்சினை.

1951ல இது மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போ அதோட சொந்த எஞ்சின் முழுசா இல்லை. உள்ளே பிஸ்டன் எப்படி வேலை செய்யுதுன்னு மாணவர்களுக்குக் காட்ட, அதைக் குறுக்கே அறுத்து வச்சிருந்தாங்க. பாலிடெக்னிக் லேப்ல வெட்டி வச்ச எஞ்சினைப் பார்த்திருப்பீங்களே, அது மாதிரி. 1951ல இருந்து 1990 வரைக்கும் இந்த வண்டி அசையாத காட்சிப் பொருள்தான்.

1990ல முடிவு பண்ணாங்க, இதை மறுபடி ஓட வைக்கணும்னு. மியூசியமும் பிரிட்டிஷ் ராணுவத்தோட பழுதுபார்க்கும் பிரிவும் சேர்ந்து இறங்கினாங்க. சொந்த எஞ்சின் அறுபட்டுப் போச்சே, என்ன பண்றது? மியூசியத்துல கிங் டைகர்னு அடுத்த தலைமுறை டேங்க் இருந்தது. அதோட மேபாக் எஞ்சினை எடுத்து இதுல வச்சாங்க. அந்த ரக எஞ்சின் 12 சிலிண்டர், 23 லிட்டர், சுமார் 700 குதிரைத் திறன். நம்ம ஊர் ஆட்டோ எஞ்சின் சுமார் 200 சிசி. அப்படின்னா நூறு ஆட்டோவுக்கு மேல ஒரே எஞ்சினுக்குள்ள அடங்கும். 2003 டிசம்பர்ல டைகர் 131 எஞ்சின் ஓடுற நிலையில மியூசியத்துக்குத் திரும்பி வந்தது. அதுக்கு அப்புறமும் பல வருஷம் வேலை தொடர்ந்தது.

'ஒரு வண்டிக்குப் பத்து வருஷத்துக்கு மேலயா?'ன்னு கேட்கத் தோணும். இந்த மாதிரி வேலை எப்படி நடக்கும்னு கொஞ்சம் சொல்றேன்.

பழைய போர் வண்டியில கை வைக்கறதுக்கு முன்னாடி முதல் வேலை, அது உங்களைக் கொல்லாதுன்னு உறுதி பண்றது. உள்ளே எங்கேயாவது வெடிக்காத குண்டு மாட்டியிருக்கலாம். எஞ்சின் பக்கத்துல வெப்பத்துக்காக ஆஸ்பெஸ்டாஸ் வச்சிருப்பாங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். இருட்டுல மின்னுறதுக்காகச் சில மீட்டர் முள்ளுக்கு ரேடியம் கலந்த பெயின்ட் அடிச்சிருப்பாங்க, அது இன்னமும் கதிர்வீச்சு விட்டுக்கிட்டு இருக்கும். இதெல்லாம் ஆளை வச்சுச் சோதிச்சு எடுத்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடணும்.

அடுத்தது துரு. பல வருஷம் இறுகிப்போன போல்ட்டை வெறும் பலத்தால திருகினா தலை உடைஞ்சு கையோட வந்துடும். ஆயில் விட்டு ஊற வைக்கணும், சூடு காட்டணும், காத்திருக்கணும், மறுபடி விடணும். ஒரு போல்ட்டுக்கு ஒரு நாள் போறதும் உண்டு. அந்த போல்ட்டை உடைச்சா, அதே மாதிரி இன்னொண்ணு எந்தக் கடையிலயும் கிடைக்காது. அதோட திரெட் அளவை எடுத்து லேத்துல புதுசா கடையணும்.

ரப்பர் எல்லாம் கல்லா மாறியிருக்கும். ஆயில் சீல், கேஸ்கெட், ஹோஸ் எதுவும் தேறாது. டைகரோட சக்கர அமைப்பு இன்னொரு தலைவலி. சக்கரங்கள் ஒரே வரிசையில இருக்காது, ஒண்ணோட ஒண்ணு இடைவெட்டி, தட்டுகளை அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு, 24 சக்கரம். எடை பரவலா இறங்கும், ஓட்டம் சொகுசா இருக்கும், சரிதான். ஆனா உள் வரிசையில ஒரு சக்கரத்துல ரப்பர் போச்சுன்னா, வெளி வரிசையில பல சக்கரங்களைக் கழட்டினாத்தான் அதைத் தொடவே முடியும். போர்க்களத்துல சேத்துக்குள்ள நின்னு இந்த வேலை பார்த்த மெக்கானிக்குகளை நினைச்சுப் பாருங்க. இது புத்தகத்துல படிச்சா வெறும் தகவல்தான். ஒரு சக்கரத்தைக் கழட்டிப் பார்க்கும்போதுதான் உடம்புல உறைக்கும்.

ஆனா இதையெல்லாம் விடக் கஷ்டமான விஷயம் ஒண்ணு இருக்கு. அது மெக்கானிக் வேலையே இல்லை. 'பழையபடி ஆக்குறது'ன்னு சொல்றோமே, எந்தப் பழையபடி?

யோசிச்சுப் பாருங்க. ஜெர்மனியில காசெல் நகரத்துல ஹென்ஷெல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாள் டைகர் 131க்கு ஒரு தோற்றம் இருந்தது. பாலைவனத்துக்காக நிறம் பூசினப்போ ஒரு தோற்றம். குண்டடி பட்டு நின்ன அன்னைக்கு ஒரு தோற்றம். பிரிட்டிஷ் சின்னம் வரைஞ்சு மன்னர் முன்னாடி நின்னப்போ இன்னொரு தோற்றம். மியூசியத்துல பல தடவை பெயின்ட் அடிச்சு நின்ன தோற்றம் வேற. இதுல எது அசல்? எல்லாமே அசல்தான். ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா மத்ததை இழக்கணும்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதுசில்லை. நம்ம கோயில்கள்ல கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி திருப்பணிங்கற பேர்ல என்ன நடந்ததுன்னு தெரியும்ல? கருங்கல் பளிச்சுனு தெரியணும்னு சாண்ட் பிளாஸ்டிங் பண்ணாங்க. மணலை வேகமா அடிச்சதுல அழுக்கு போச்சு. கூடவே கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தோட நுணுக்கமும் தேய்ஞ்சு போச்சு. அப்புறம்தான் சத்தம் போட்டு அதை நிறுத்த வேண்டி வந்தது. டேங்க் பட்டறையிலயும் அதே மெஷின்தான், அதே ஆபத்துதான். மேல துரு இருக்குன்னு மணலை அடிச்சீங்கன்னா, அடியில இருந்த பழைய பெயின்ட் அடுக்கு, யாரோ கையால எழுதின எண், தொழிற்சாலை முத்திரை எல்லாம் ஒரே மதியத்துல காணாம போயிடும். திரும்ப வராது.

அதனால நல்ல பட்டறையில ஒரு ஒழுங்கு வச்சிருப்பாங்க. எதையும் கழட்டறதுக்கு முன்னாடி படம் எடுக்கணும். பெயின்ட்டை அடுக்கு அடுக்கா சுரண்டிப் பார்த்து எந்த நிறத்துக்கு மேல எந்த நிறம்னு குறிச்சு வைக்கணும். கழட்டின பழைய பாகத்தைத் தூக்கிப் போடக் கூடாது, சீட்டு கட்டி வைக்கணும். புதுசா செஞ்சு மாட்டின பாகம் எதுன்னு பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும். முடிஞ்ச வரைக்கும், நாளைக்கு ஒருத்தர் வந்து 'நீங்க பண்ணது தப்பு'ன்னு சொன்னா திருப்பி மாத்தற மாதிரி வேலை பார்க்கணும்.

டைகர் 131ல அவங்க தேர்ந்தெடுத்தது, பிடிபட்ட சமயத்துத் தோற்றம். அதனால அந்த மூணு அடியையும் தொடாம விட்டாங்க. அப்போ அது ஒரு ரசனை விஷயம் மாதிரிகூடத் தெரிஞ்சிருக்கலாம்.

இப்போ கதையோட திருப்பத்துக்கு வர்றேன். பல பத்தாண்டுகளா மியூசியம் சொல்லிக்கிட்டு இருந்த வரலாறு இது: டைகர் 131 பிடிபட்டது 1943 ஏப்ரல் 21ஆம் தேதி, ஜெபல் ஜாஃபாங்கற குன்றுக்கிட்ட, பிரிட்டிஷ் சர்ச்சில் டேங்குகளோட நடந்த சண்டையில. புத்தகங்கள்ல, கட்டுரைகள்ல எல்லாம் இதுதான். யாரும் சந்தேகப்படலை.

போவிங்டனுக்கு வந்த ஒரு பார்வையாளருக்குத்தான் இடிச்சது. அவரோட அப்பா துனிசியாவுல சண்டை போட்ட காலாட்படை வீரர். டேங்க் எதிர்ப்பு ஆயுதத்தோட ஒரு டைகருக்கு எதிரே போன கதையை வீட்டுல சொல்லியிருக்கார். அப்பா சொன்னதும் இங்கே கண்ணு முன்னாடி நிக்கிற வண்டியும் ஒத்துப்போற மாதிரி மகனுக்குப் பட்டுச்சு. ஆனா ஊரும் தேதியும் ஒத்துப்போகலை. பெரும்பாலானவங்க அப்பாவுக்கு ஞாபக மறதின்னு விட்டிருப்பாங்க. இவர் விடலை. படைப் பிரிவுகளோட ஆவணங்கள், பழைய படங்கள், அந்தச் சண்டை நடந்த இடம்னு ஒவ்வொண்ணா தேடிக் கோர்த்தார்.

முடிவு என்ன ஆச்சு? டைகர் 131 பிடிபட்டது மூணு நாள் கழிச்சு, ஏப்ரல் 24ஆம் தேதி. இடமும் வேற: கெரியாத் எல் அடாச், ராணுவ வரைபடத்துல 174ஆம் புள்ளின்னு குறிச்ச குன்று. அங்கே சண்டை போட்டது ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் படைப் பிரிவோட 2ஆம் பட்டாலியன் காலாட்படை. மியூசியமும் அதை ஏத்துக்கிட்டுத் தன் கதையைத் திருத்திக்கிச்சு.

மூணு நாள் வித்தியாசம்தானே, அதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். 174ஆம் புள்ளியில மண்ணுல படுத்துச் சண்டை போட்டவங்க பக்கம் இருந்து பாருங்க. உலகத்துலயே பிரபலமான டேங்க் இது. லட்சக்கணக்கானவங்க பார்த்துட்டுப் போறாங்க. பலகையில உங்க பேர் இல்லை, நீங்க நின்ன குன்றோட பேரும் இல்லை. வீட்டுல சொன்னாலும் அச்சுல வேற மாதிரி இருக்கு. அந்த அநியாயம் கிட்டத்தட்ட எழுபது வருஷத்துக்கு மேல அப்படியே நின்னது.

இரும்பு மட்டும் தனியா எழுந்து சாட்சி சொல்லிடாது. ஒரு அப்பாவோட நினைவு, காகிதம், படம், நிலம் இதெல்லாமும் சேர்ந்தாத்தான் வழக்கு நிக்கும். ஆனா அந்த வண்டியை யாராவது 1951லயோ 1990லயோ டிங்கரிங் பண்ணி, பட்டி போட்டு, பளபளன்னு ஷோரூம் வண்டி மாதிரி ஆக்கியிருந்தா? ஒத்துப் பார்க்கறதுக்கு எதிரே ஒண்ணுமே இருந்திருக்காது. அதனாலதான் சொல்றேன், பழைய பொருளைப் பாதுகாக்கறவங்க தங்களுக்குத் தெரிஞ்ச கதைக்காக மட்டும் அதைப் பாதுகாக்கலை. தாங்க சொல்ற கதை தப்பா இருந்தா, நாளைக்கு யாரோ ஒருத்தர் அதைத் திருத்தறதுக்கும் சேர்த்துத்தான் பாதுகாக்கறாங்க.

சரி, அப்படின்னா ஏன் ஓட வைக்கணும்? கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுட்டா தேயாதே? நியாயமான கேள்விதான். எஞ்சின் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் ஏதோ ஒரு அசல் பாகம் கொஞ்சம் தேயுது. 57 டன் நகரும்போது அச்சு, கியர், சக்கர ரப்பர் எல்லாம் அடி வாங்குது.

ஓட்டணும்னு சொல்றவங்களுக்கும் ஒரு வாதம் இருக்கு. டேங்க்னா நகர்ற பொருள். நின்னா வெறும் இரும்புப் பெட்டி. போவிங்டன்ல 'டைகர் டே'ன்னு வருஷத்துல குறிப்பிட்ட நாட்கள்ல 131ஐ வெளியே ஓட்டுவாங்க. எஞ்சின் சத்தமும் செயின் தரையில உரசுற சத்தமும் சேர்ந்து வரும்போது, இது எதிர்ல வந்தா ஒரு மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்னு பலகை படிச்சுப் புரியாதவங்களுக்கும் புரியும். இன்னொண்ணு, ஓட வைக்கறதுனாலதான் அந்த மெக்கானிக் அறிவு அடுத்த தலைமுறைக்குக் கை மாறுது. இந்த வாதத்துலயும் உண்மை இருக்கு.

ஆனா அதே மியூசியம் எல்லாத்தையும் ஓட்டறதில்லை. முதல் உலகப் போர்க் காலத்து டேங்குகளை ஓட்டாம வச்சிருக்காங்க. அது எப்படி ஊர்ந்து போகும்னு காட்டணும்னா, 'வார் ஹார்ஸ்' படத்துக்காகச் செஞ்ச நகல் வண்டியை எடுத்து ஓட்டுவாங்க. நகல் தேய்ஞ்சா இன்னொண்ணு செஞ்சுக்கலாம்.

ஓட்டவே கூடாதுங்கற முடிவுக்கு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் நகரத்துல இருக்கு. பேர் மெஃபிஸ்டோ. முதல் உலகப் போர்ல ஜெர்மனி கட்டின ஏ7வி ரக டேங்க். மொத்தம் கட்டினதே 20தான், மிஞ்சினது இது ஒண்ணே ஒண்ணு. 1918ல பிரான்ஸ்ல ஒரு குண்டுப் பள்ளத்துல சிக்கி நின்னுடுச்சு. ஆஸ்திரேலிய வீரர்கள் அதை ராத்திரியில இழுத்துக்கிட்டு வந்தாங்க. அப்புறம் கப்பலேத்தி ஊருக்கே கொண்டு போயிட்டாங்க. அதோட முன்பக்கம் ஒரு சிவப்புப் பிசாசு பிரிட்டிஷ் டேங்கை அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஓடுற மாதிரி ஒரு படம் இருக்கும். 2011 பிரிஸ்பேன் வெள்ளத்துல இந்த வண்டிக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு. நூறு வருஷத்துக்கு முந்தின இரும்புக்கு வெள்ளத் தண்ணி என்ன செய்யும்னு 2015ல சென்னையில கீழ்த்தளத்துல வண்டி நிறுத்தினவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பாதுகாப்பு நிபுணர்கள் மாசக்கணக்குல உழைச்சு அதைச் சுத்தம் பண்ணிக் காப்பாத்தினாங்க. புதுசு மாதிரி ஆக்கலை, ஓட வைக்கவும் பார்க்கலை. கிழிஞ்ச தகடு கிழிஞ்சபடியே நிக்குது.

மூணாவது வழியும் ஒண்ணு இருக்கு, அது நம்ம நாட்டுலயே. நாகாலாந்துல கோஹிமா. 1944ல ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் அங்கே பயங்கரமான சண்டை. அந்தச் சண்டையில ஒரு லீ ரக டேங்க் சரிவுல ஏறப் போய், வழுக்கிக் கீழே விழுந்துடுச்சு. அதை யாரும் மியூசியத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போகலை. விழுந்த இடத்துலயே நினைவுச் சின்னமா வச்சிருக்காங்க. இன்னைக்கு அங்கே போய் நின்னு அந்தச் சரிவைப் பார்த்தா, டேங்கையே தோற்கடிச்சது அந்த மலைன்னு புரியும். அதே வண்டியை டெல்லிக்குக் கொண்டு போய் பாலீஷ் போட்டு வச்சிருந்தா அந்த ஒரு விஷயம் தொலைஞ்சு போயிருக்கும்.

அதனால ஓட்டறதா, அப்படியே வைக்கறதா, இருந்த இடத்துலயே விடறதாங்கறதுக்கு எல்லா வண்டிக்கும் பொதுவா ஒரே விடை கிடையாது. இந்த வண்டிகிட்ட மட்டும் இருக்கற, வேற எங்கேயும் கிடைக்காத தகவல் என்ன? நாம செய்யப் போற வேலை அதைக் காட்டுதா, அழிக்குதா? பட்டறையில முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இதுதான்னு நான் நினைக்கறேன்.

கடைசியா, அந்த 'மாஸ்' விஷயம். டைகருக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். கேம்ஸ்ல அதை அன்லாக் பண்ண ராத்திரி கண் முழிச்சவங்க இதைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பொறியியலை ரசிக்கறதுல தப்பில்லை. ஆனா இது யாருக்காக வேலை செஞ்ச இயந்திரம்ங்கறதை மறந்துட்டா, நாம ரசிக்கறது நாஜி விளம்பரத்தோட மிச்சத்தைத்தான். இதைக் கட்டின ஹென்ஷெல் தொழிற்சாலையில, பிடிச்சுக்கிட்டு வந்த மக்களைக் கட்டாய உழைப்புல வச்சிருந்தாங்க. அந்த வெல்டிங் கோடுகளுக்குப் பின்னாடி அவங்களும் இருக்காங்க. இதைச் சொல்லாம எஞ்சின் சத்தத்தை மட்டும் காட்டினா, அது கல்வி ஆகாது, வெறும் ஷோதான்.

பளபளப்பா, அடிபடாம, புதுசு மாதிரி நிக்கிற டைகர் அந்த விளம்பரத்துக்குத்தான் உதவும். அடி வாங்கி, டரட் மாட்டிக்கிட்டு, உள்ளே இருந்தவங்க விட்டுட்டு ஓடின டைகர்தான் நடந்ததைச் சொல்லும். அந்த மூணு தழும்பை விட்டு வச்சதுக்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கு.

நம்ம ஆவடியில 1960கள்ல இருந்து விஜயந்தா டேங்க் கட்டினாங்க. 1971 போர்ல அந்த ரகம் களத்துல இருந்தது. ஓய்வு பெற்ற அந்த வண்டிகள் இப்போ எத்தனையோ ஊர்ல சாலை ஓரத்துலயும் வளாக வாசல்லயும் நிக்குது. அடுத்த தடவை அந்த மாதிரி ஒரு டேங்கைப் பார்த்தா, செல்ஃபி எடுத்துக்கோங்க, வேண்டாம்னு சொல்லலை. எடுத்துட்டு ஒரு நிமிஷம் பக்கத்துல போங்க. பெயின்ட்டுக்கு அடியில ஏதாவது எண் தெரியுதா, எங்கேயாவது ஒரு பள்ளம், ஒரு ஒட்டு வெல்டிங் இருக்கான்னு பாருங்க. வீட்டுல ராணுவத்துல இருந்த தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, சொல்றதை போன்ல பதிவு பண்ணி வைங்க. தேதி ஒத்துப்போகலைன்னா உடனே அவங்களுக்கு மறதின்னு முடிவு பண்ணிடாதீங்க. பலகையிலயும் தப்பு இருக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.